நூறு வயசு என்னுது இல்ல

"படு! டேய், படுடா!"

ஏழுமலை கத்துறான். என் அண்ணன். நான் படுக்கல. வானத்தப் பாத்துக்கினு நிக்கிறேன். ரங்கூன். மார்கழி மாசம். காலைல பத்து மணி இருக்கும். வெள்ளியாட்டம் மின்னிக்கினு ஏரோப்ளேன் வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணுறேன். தெருவே நின்னு எண்ணுது. அதுவரைக்கும் எங்கள்ல யாரும் குண்டு பாத்தது கெடயாது. அழகா இருந்துச்சு. சொல்றதுக்கு வெக்கமாத்தான் கீது. ஆனா அழகா இருந்துச்சு.

மொதல்ல ரீங்காரம். அப்புறம் விசிலு. நீளமா. அப்புறம் விசிலு நின்னுபோச்சு. நின்னதுக்கும் வெடிக்கிறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சுல ஏழுமலை என் பிடரியப் புடிச்சு சாக்கடைல தள்ளுறான். என் மேல வந்து வுழுறான். டம். தரை எகிறி மூக்குல இடிக்குது. மறுபடியும் டம். பதினொண்ணு வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் காது அடைச்சிக்கிச்சு. மீதி எத்தினின்னு எனக்குத் தெரியாது.

எழுந்து பாத்தா எதுத்தாப்புல கடலை வறுக்குறவன் இல்ல. அவன் அடுப்பு மட்டும் எரிஞ்சிக்கினு இருந்துச்சு.

அன்னிக்கு எனக்குப் பதினோரு வயசு. ஏழுமலைக்குப் பதினாறு.

நான் யாருன்னு சொல்லணும்ல. அதுலதான் வம்பே. ஆதார் கார்டுல என் பேரு ஏழுமலை. வயசு நூறு. ரெண்டுமே பொய்யி. என் பேரு கன்னியப்பன். வயசு தொண்ணூத்தஞ்சு. ஒரகடத்துக்குப் பக்கத்துல, கம்பேனிங்களுக்கு நடுவுல மாட்டிக்கினு கீற ஒரு ஊர்ல இருக்கேன். காஞ்சிபுரம் தாம்பரம் ரூட்டுல தனியார் பஸ்ல கண்டக்டரா இருந்தவன். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் தலை எண்ணியே பழக்கம். இதையும் எண்ணித்தான் சொல்லப்போறேன். நடுவுல கோவம் வரும். பொறுத்துக்கோங்க.

எங்க நைனா ரங்கூன்ல அரிசி மில்லுல மூட்டை தூக்குனவரு. நானும் அண்ணனும் அங்கதான் பொறந்தோம். மில்லு லைன் வூட்டுல எல்லாம் நம்ம செங்கல்பட்டு ஜில்லா ஜனங்க. ஜப்பான்காரன் குண்டு வுழுந்ததும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தோம். மறுபடியும் வுழுந்துச்சு. கெளம்பிட்டோம். லைன்லருந்து கெளம்புனது இருபத்தி மூணு பேரு. எங்க வூட்டுல நாலு. நைனா, அம்மா, ஏழுமலை, நான். கைல ஒரு பித்தளைச் சொம்பு, அரிசி மூட்டை, ஒரு கொட்டாங்குச்சி.

ரங்கூன்லருந்து புரோமு. கொஞ்சம் ரயிலு, மீதி காலு. அங்கருந்து ஆத்தத் தாண்டி அரக்கான் மலை. மலைக்கு அந்தாண்ட கடலு. கடல்ல படகு. படகு ஏறுனா ஊரு. இதான் கணக்கு.

புரோமுல ஆத்தங்கரைல ஒரு கொட்டாய் போட்டிருந்தாங்க. மலைல வாந்திபேதி. அதுக்கு ஊசி. ஊசி போட்டா ஒரு சீட்டு. சீட்டு இருந்தாதான் மலைக்கு அந்தாண்ட கடல் படகுல ஏத்துவாங்க. காலைலருந்து வரிசைல நிக்கிறோம். எனக்கு முன்னாடி நாலு பேரு. ஊசியப் பாக்குறேன். சாக்கு தைக்கிற ஊசியாட்டம் கீது. ஒரு ஆம்பள போட்டுக்கினு "ஐயோ"ன்னான். அவ்ளோதான். ஓடிட்டேன். ஒரு மாட்டு வண்டிக்குக் கீழ போய் குந்திக்கினேன்.

அவங்க தேடிப் புடிக்கிறதுக்குள்ள கொட்டாய மூடிட்டான். நைனா வுட்டாரு ஒரு அறை. மறுநாள் நிக்க முடியல. "ப்ளேன் வருது! ஆத்தத் தாண்டு! தாண்டு!"ன்னு ஒரே கத்தல். போய்ட்டோம். நைனாவுக்கு, அம்மாவுக்கு, ஏழுமலைக்கு சீட்டு. எனக்கு இல்ல. சீட்டுல பேரு, வயசு, முத்திரை. சணல் கயித்துல கோத்து கழுத்துல மாட்டிக்கணும்.

மலை. மேல ஏறுறோம். வழி பூரா மூட்டை. வழி பூரா செருப்பு. வயசானவங்கள மரத்தடில குந்தவெச்சிட்டுப் போய்ட்டாங்க. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு கலயம் தண்ணி. அவங்க யாரும் கத்தல. போறவங்கள பாத்துக்கினு இருந்தாங்க. இப்ப எனக்கு அந்த வயசு. அவங்க ஏன் கத்தலன்னு இன்னும் எனக்குப் புரியல.

தங்குற எடத்துல அம்மா ஒரு சொம்பு தண்ணி கொதிக்க வெப்பாங்க. காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. வெறகு ஈரம். அதுக்கு மேல கொதிக்க வெக்க முடியல. ஆளுக்கு அரை கொட்டாங்குச்சி. அம்மா கைல அளவு தப்பாது. வேற தண்ணி வாய்ல பட்டா தோலை உரிச்சிடுவேன்னாங்க.

மொத நாளே ஏழுமலை தன் பங்க என்கிட்ட நீட்டுனான். அம்மா அந்தாண்ட திரும்பி இருந்தாங்க.

"எனக்கு ஊசி போட்டாச்சுடா. ஒண்ணும் ஆவாது. நீ குடி. அம்மாகிட்ட சொல்லாத."

குடிச்சேன். சாயங்காலம் நீட்டுனான். குடிச்சேன். மறுநாளும். அவன் ஓடைல குனிஞ்சு கையால அள்ளிக் குடிச்சத நான் பாத்தேன். தெரியாதுன்னு சொன்னா பொய்யி. தெரியும். பாத்துட்டுத்தான் அவன் பங்க குடிச்சேன். தாகம். பதினோரு வயசு. இன்னா சொல்றது போங்க.

அஞ்சு நாள். ஆறாவது நாள் காலைல மேலருந்து ஒருத்தன் கத்துறான்.

"தண்ணியத் தொடாத! மேல பொணம் கெடக்குது! யாரும் ஓடைத் தண்ணி குடிக்காத!"

ஏழுமலை என்னத் திரும்பிப் பாத்தான். சிரிச்சான். நடந்தான்.

மத்தியானம் ஆரம்பிச்சிடுச்சு. நிக்கவே இல்ல. கண்ணு உள்ள போய்டுச்சு. வெரலுங்க ரொம்ப நேரம் துணி தொவச்ச கையாட்டம் சுருங்கிப்போச்சு. அம்மா ஒரு சொம்பு முழுசா அவன் வாய்ல ஊத்துறாங்க. அளவு இல்ல, கொட்டாங்குச்சி இல்ல. ஊத்துறாங்க. தங்கல. "ஊசி போட்ட புள்ளைக்கு எப்டிடா வந்துச்சு? எப்டிடா?" இதையே கேட்டுக்கினு இருந்தாங்க. நான் வாயத் தொறக்கப் போனேன். ஏழுமலை என்னப் பாத்து தலைய ஆட்டுனான். வேணாம்னு. அதுதான் கடைசி.

மறுநாள் சூரியன் வந்தப்ப அவன் இல்ல.

மண்ணு தோண்ட முடியல. கல்லு. தேக்கெலயப் போட்டு மூடுனோம். மேல கல்லு வெச்சோம். நைனா அழல. குனிஞ்சு அவன் கழுத்துலருந்த சீட்டக் கழட்டுனாரு. கயிறு ஈரமா இருந்துச்சு. என் கழுத்துல மாட்டுனாரு. "இனிமே நீதான் ஏழுமலை. வாயத் தொறந்தா படகு இல்ல"ன்னாரு. நான் வயசுக்கு மீறுன உசரம். அதான் நைனாவுக்கு தைரியம்.

கடலோரம். மேசை போட்டு ஒரு குமாஸ்தா. தலை நிமுரல. "ஏழுமலை! பதினாறு!" நான் கையத் தூக்குனேன். முத்திரை. டக். சீட்டுல பேரு இருந்துச்சு, வயசு இருந்துச்சு, மூஞ்சி இல்ல. படகு ஏறிட்டேன்.

ஊருக்கு வந்தோம். சொந்தக்காரங்க எங்க ரெண்டு பேர் மூஞ்சியயும் பாத்ததே இல்ல. "ரெண்டு பசங்கன்னு காயிதம் போட்டியே, இன்னொருத்தன் எங்கடா?"ன்னு பெரியப்பா கேட்டாரு. நைனா சீட்டத் தொட்டுப் பாத்தாரு. பொய் சீட்டுல வந்தது தெரிஞ்சா போலீசு புடிச்சிக்கினு போய்டும்னு அவருக்கு நெஞ்சு பூரா பயம். "சின்னவன் வழில போய்ட்டான்"னாரு.

கன்னியப்பனுக்குக் கருமாதி பண்ணாங்க. எனக்குத்தான். நானே பந்தில குந்தி சாப்ட்டேன். வடை போட்டாங்க. ரெண்டு வடை கேட்டு வாங்கித் தின்னேன். அவ்ளோ பசி.

அன்னியோட முடிஞ்சிதுன்னுதான் நெனச்சேன். ஒரு பொய்ய ஒரு தபா எழுதிட்டா போதும், மீதிய கவர்மெண்டு பாத்துக்கும். பள்ளிக்கூடத்துல ஏழுமலை. கண்டக்டர் பேட்ஜுல ஏழுமலை. கல்யாணப் பத்திரிகைல ஏழுமலை. அம்பத்தெட்டு ஆச்சுன்னு ஓனரு என்ன வூட்டுக்கு அனுப்புனாரு. ஒடம்புக்கு அம்பத்தி மூணுதான். எதுத்துப் பேச முடியுமா? ரேஷன் கார்டு, ஓட்டு, ஆதாரு. என் பொண்டாட்டி "ஏழுமலை வூட்டுக்காரி"ன்னு கூப்டவங்களுக்குத் திரும்பிப் பாத்தே செத்துப்போனா. அவளுக்குக் கூட தெரியாது.

அம்மா என்ன கன்னியப்பன்னு மறுபடி கூப்டவே இல்ல. வாய்ல வரல. சாவக் கெடந்தப்ப என் கையப் புடிச்சிக்கினு, "ஏழுமலை, தண்ணி குடிச்சியாப்பா?"ன்னு கேட்டாங்க. யாரக் கேட்டாங்களோ. "குடிச்சேம்மா"ன்னேன். அஞ்சு நாளா நடந்தத சொல்லவே இல்ல. அவன் வேணாம்னான். சொல்லல.

இந்த வருசம் வந்துச்சு வெனை.

என் பேரன் குமாரு. பொண்ணு வயித்துப் புள்ள. ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பேனில சூப்பர்வைசரு. நல்ல பையன். கொஞ்சம் அவசரக்குடுக்கை. கம்பேனில ஏதோ ஹெல்த் வீக்காம். "எங்க தாத்தாவுக்கு நூறு வயசு"ன்னு போய் சொல்லிட்டான். அவ்ளோதான். கார் அனுப்பிட்டாங்க.

கேட்டுல செக்யூரிட்டி என் ஆதார வாங்கி கம்ப்யூட்டர்ல தட்டுனான். ஒரு கார்டு வந்துச்சு. நாடால கோத்து என் கழுத்துல மாட்டிவுட்டான். ஏழுமலை. வயசு நூறு. பக்கத்துல என் போட்டோ. கயிறு ஈரமா கீதான்னு தொட்டுப் பாத்தேன். காஞ்சுதான் இருந்துச்சு.

கேன்டீனு. எரநூறு புள்ளைங்க யூனிபார்ம்ல. டீ பிரேக் பத்து நிமிசம். அதுக்குள்ள நான் நூறு வருசத்த சொல்லி முடிக்கணும். கேக்கு மேல 100ன்னு எழுதி இருந்துச்சு. எச்.ஆர்ல ஒரு பொண்ணு, இசக்கின்னு பேரு, திருநெல்வேலிப் பக்கம். மைக்க நீட்டுச்சு.

"தாத்தா, இம்புட்டு திடமா இருக்கீயளே, என்னதான் ரகசியம்? சொல்லுங்க."

"கூழுன்னு சொல்லு தாத்தா, கூழு"ன்னு குமாரு காதுல ஊதுறான். எனக்குப் பத்திக்கிச்சு. கூழு குடிச்சவன்லாம் நூறு வயசு இருந்தா எங்க ஊரு சுடுகாட்ல புல்லு மொளச்சிருக்கும். சீக்கிரம் எழுந்தவன் செத்தான். கோவப்படாதவன் செத்தான். எங்க லைன்ல தங்கமான மனுசன் கோவிந்தன், அவன்தான் மொதல்ல செத்தான். ஊசி போட்டுக்கினவன் செத்தான், பயந்து ஓடுனவன் கேக்கு வெட்டுறான். ஊசி வேணாம்னு சொல்ல வரல, போட்டுக்கோங்க. ஊசி மேல தப்பு இல்ல. தன் பங்கத் தம்பிக்குக் குடுத்துட்டு கண்ட தண்ணியக் குடிச்சா ஊசி இன்னா பண்ணும்?

இதெல்லாம் வாய்ல வந்துச்சு. வெளிய வந்தது ஒண்ணே ஒண்ணுதான்.

"ஏழுமலை செத்துட்டான்மா."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீய தாத்தா! நீங்கதானே ஏழுமலை!"

எல்லாம் சிரிச்சுதுங்க. கை தட்டுதுங்க. பாசமாத்தான். குமாரு மைக்க வாங்கிட்டான். "தாத்தா வெந்நீர் தவிர எதுவும் குடிக்க மாட்டாருங்க. மோரு கூட கெடயாது"ன்னான். அதுக்கு இன்னும் பெருசா தட்டுனாங்க. பெல்லு அடிச்சுது. புள்ளைங்க லைனுக்குப் போய்டுச்சுங்க. நான் கேக்கோட நின்னுக்கினு இருந்தேன்.

மூணு நாள் கழிச்சு குமாரு சந்தோசமா போன நீட்டுறான். கேன்டீன்ல தண்ணிக் கொழா பக்கத்துல என் படம் ஒட்டியிருக்கு. "வெந்நீர் குடிங்க, நூறு வயசு வாழுங்க. ஏழுமலை தாத்தா." நான் டம்ளரத் தூக்கி அடிச்சேன். செவுத்துல பட்டு நசுங்கிப்போச்சு.

அப்புறம் அழுதேன். தொண்ணூத்தஞ்சு வயசுல ஆம்பள அழுதா பாக்க நல்லா இருக்காது. குமாரு பயந்துட்டான். "தாத்தா, ஒடம்பு சரியில்லயா? ஆஸ்பத்திரி போலாமா?"ன்னு கைய புடிக்கிறான். குந்துடான்னேன். சொன்னேன். எம்பத்தி நாலு வருசத்துல மொத தபா. சாக்கடைலருந்து கடலோரம் வரைக்கும்.

எதுக்கு சொன்னேன்னா, எனக்கு பயம் வந்துடுச்சு. சாவுக்கு இல்ல. நான் செத்தா கல்யாணச் சாவு. மேளம் அடிப்பாங்க, பட்டாசு வெடிப்பாங்க, கொள்ளுப் பேரனுங்க நெய்ப்பந்தம் புடிப்பானுங்க. ஒரகடம் கூட்ரோட்ல பேனர் வெப்பாங்க. நூறு வயசு வாழ்ந்த ஏழுமலைன்னு. நல்லா வாழ்ந்தாருப்பா, கொடுத்து வெச்சவருன்னு பேசிக்கினு போவாங்க. அன்னியோட என் அண்ணன் காலி. மலைல தேக்கெலைக்குக் கீழ கெடக்குறவன் பொறக்கவே இல்லன்னு ஆய்டும். அவனுக்கு ஒருத்தரும் அழல. அவன் பேருக்கு ஒரு சொட்டு தண்ணி வுடல. எனக்கு வடை போட்டு கருமாதி பண்ணாங்க. அவனுக்கு இன்னா பண்ணோம்?

குமாரு நசுங்குன டம்ளர எடுத்து நிமுத்திக்கினு இருந்தான். அப்புறம் கேட்டான்.

"ஆடி அமாவாச வருது. போலாமா தாத்தா?"

லீவு போட்டுட்டு இட்டுக்கினு போனான். ஸ்ரீபெரும்புதூர். கொளத்தங்கரைல வரிசையா ஐயருங்க. ஜனம்னா ஜனம், நெரிசலு. எங்க முன்னாடி ஒருத்தரு, வயசு கம்மி. எள்ளு, தர்ப்பை எடுத்து வெச்சாரு.

"யாருக்கு? உறவு சொல்லுங்கோ."

"அண்ணன்"னேன்.

"பேரு?"

எனக்கு வாய் வரல. எம்பத்தி நாலு வருசமா என் பேரு அது. குமாரு எனக்குப் பின்னால குந்தியிருந்தான். சத்தமா சொன்னான்.

"ஏழுமலை. எழுதிக்குங்க சாமி. எங்க பெரிய தாத்தா. ஏழுமலை."

"எத்தனை வயசுல தவறினார்?"

"பதினாறு"ன்னேன். ஐயரு என் மூஞ்சியப் பாத்தாரு.

கொளத்துலருந்து செம்புல தண்ணி மொண்டாரு. வேணாம் சாமின்னேன். பைலருந்து பிளாஸ்க எடுத்தேன். காலைலயே கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி. குமாரு பொண்டாட்டி தேங்கா ஒடச்ச கொட்டாங்குச்சி ஒண்ணு தேச்சுக் குடுத்தா. "தீர்த்தம்தான் விடணும்"னு சொன்னாரு ஐயரு. "அவன் கொதிக்காத தண்ணில செத்தவன் சாமி"ன்னேன். அவரு என் கைல எள்ளு வெச்சாரு.

அரை கொட்டாங்குச்சி. அளவு தப்பாம. எள்ளோட வெரல் வழியா வுட்டேன். மொத நாள் காலைல. அரை கொட்டாங்குச்சி. மொத நாள் சாயங்காலம். ரெண்டாவது நாள் காலைல. பின்னால ஜனம் தள்ளுது. "பெருசு, சீக்கிரம்!"ன்னு ஒருத்தன் கத்துறான். குமாரு ரெண்டு கையும் விரிச்சு தடுத்துக்கினு நிக்கிறான். அஞ்சு நாள். ரெண்டு வேளை. பத்து வரைக்கும் எண்ணுனேன். உன் பங்குடா அண்ணா. குடி. இன்னிக்கு அம்மாகிட்டயும் மனசுக்குள்ள சொல்லிட்டேன்.

இப்ப கணக்கு.

லைன்லருந்து கெளம்புனது இருபத்தி மூணு. கடலப் பாத்தது பதினாலு.

வராதவங்க. கோவிந்தன், மலை ஏறுன மொத நாளே. அவன் சம்சாரம் அலமேலு. அவங்க கைக்கொழந்த, பேரு வெக்கல. மூட்டை மேஸ்திரி, தாடி மேஸ்திரின்னு கூப்புடுவோம், நெசப் பேரு தெரியல. பாளையத்தம்மா, நடக்க முடியாம மரத்தடில குந்திட்டாங்க. முனியன். முனியன் தங்கச்சி. சமையக்கார நாயுடு. எட்டு.

கடலை வறுக்குறவன் எங்க லைன் இல்ல. இருந்தாலும் எழுதி வெக்கிறேன்.

பித்தளைச் சொம்பு ஒண்ணு, படகுலருந்து வுழுந்துடுச்சு. கொட்டாங்குச்சி ஒண்ணு, எங்க போச்சுன்னு தெரியல.

கன்னியப்பன், வயசு தொண்ணூத்தஞ்சு. செத்ததா கருமாதி பண்ணது தப்பு. உயிரோட கீறான். அவன் போறப்ப மேளம் வேணாம், பேனர் வேணாம். வயசு கேட்டா சரியா சொல்லுங்க.

ஒம்பதாவது, ஏழுமலை. வயசு பதினாறு.